வீட்டு நாஸ் பெட்டிக்கு எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாஸ் பெட்டி ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு வைஃபையில் இருக்கும் போன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டிதான் நாஸ். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். இரண்டு டிஸ்க் பெட்டியில் பெரும்பாலும் ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும்படி வைப்போம், ஒன்று கெட்டாலும் தகவல் பிழைக்க. இப்படி டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவதற்குப் பெயர் ரெய்டு. இரவு பகல் நிற்காமல் சுற்றும். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் அதிகம் குழம்புவதில்லை. அதற்குள் போடும் டிஸ்க் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் தடுமாறினேன். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

கெட்டுப்போகாத ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று உண்டா?

கிடையாது. நிமிடத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுற்றும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அப்படியானால் அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஓர் இயந்திரம் வருடக்கணக்கில் ஓடுவதே பெரிய விஷயம்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டுகிறது. எந்த மாடல் எத்தனை கெட்டது என்ற கணக்கை 2013 முதல் சேகரித்துப் பொதுவில் வெளியிட்டும் வருகிறது. அவர்களிடம் 2022இல் நூற்றுக்கு 1.37, 2023இல் 1.70, 2024இல் 1.57 டிஸ்க் என்ற விகிதத்தில் பழுதாகியிருக்கின்றன. சுமாராக நூறில் ஒன்றரை. கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் உங்கள் பெட்டியில் இரண்டு டிஸ்க், ஐந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்று வையுங்கள். இதே விகிதத்தில் கணக்குப் போட்டால், அதற்குள் ஒன்றாவது போய்விட ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. தெருவில் ஏழு வீட்டில் நாஸ் இருந்தால் ஒரு வீட்டில் நடக்கும். அந்த வீடு நம்முடையதாக இருந்தால் படங்கள் பிழைக்குமா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

சரி, எந்தக் கம்பெனி நல்லது?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஆனால் இதற்கு வரும் பதிலால் பெரிய பயன் இல்லை. பெரிய ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் உலகத்தில் இன்று மூன்றே பேர்: வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழில் 2011இல் சீகேட்டுக்குப் போனது. ஹிட்டாச்சியினுடையது 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது.

‘சீகேட் வாங்காதே, என் மாமா வாங்கி ஒரே வருடத்தில் போய்விட்டது’ என்று ஒருவர் சொல்வார். இன்னொரு வீட்டில் அதையே வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குச் சொல்வார்கள். இரண்டும் உண்மையாகவே நடந்திருக்கும். ஆனால் ஒன்றிரண்டு டிஸ்க்கை வைத்து ஒரு கம்பெனியை எடைபோட முடியாது. மாடலுக்கு மாடல்தான் வித்தியாசம் பெரிது. சீகேட்டின் ஒரு 3 டெராபைட் மாடல் பேக்பிளேஸிடம் மோசமாகக் கெட்டது. 2012இல் போட்டவற்றில் பெரும்பகுதி 2015க்குள் வெளியேறிவிட்டது. அதே சீகேட்டின் ஒரு 6 டெராபைட் மாடல் அதே இடத்தில் பல வருடங்கள் மிகக் குறைந்த பழுதோடு ஓடியது. செய்தவர்கள் அதே ஆட்கள்தான், டிஸ்க் வேறு.

அதனால் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நாஸுக்கென்று செய்த வரிசை மூன்று கம்பெனியிலும் இருக்கிறது: வெஸ்டர்ன் டிஜிட்டலில் ரெட் பிளஸ், சீகேட்டில் அயர்ன்வுல்ஃப், தோஷிபாவில் என்300. மூன்றுக்கும் மூன்று வருட வாரண்டி. விலை அதிகமான ரெட் புரோ, அயர்ன்வுல்ஃப் புரோ வகைகளுக்கு ஐந்து வருடம். உங்கள் ஊரில் எது ஒழுங்கான பில்லோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தட்டின்மேல் தகவல் எழுதப்படுவது வட்ட வட்டமான தடங்களில். சிஎம்ஆர் முறையில் ஒவ்வொரு தடமும் தனித்தனி. ஒன்றை அழித்து எழுதினால் பக்கத்துத் தடத்துக்கு ஒன்றும் ஆகாது. எஸ்எம்ஆர் முறையில், அதே தட்டில் இன்னும் அதிகம் அடைப்பதற்காக, ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுகிறார்கள். ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு மேல் ஓடு ஏறி நிற்கும். நடுவில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் உருவ முடியாது, மேலே ஏறியிருக்கும் வரிசையைக் கழற்றி, மாற்றி, மறுபடி அடுக்கவேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கும் சின்ன மாற்றத்துக்குக்கூட ஒரு பெரிய பகுதியைப் படித்துத் திருப்பி எழுதுகிறது. இந்த வேலையைச் சும்மா இருக்கும் நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று, வருவதை முதலில் ஓர் ஓரத்தில் குவித்து வைக்கும். அந்த ஓரம் நிறைந்துவிட்டால் வேகம் அப்படியே விழுந்துவிடும்.

படத்தை ஏற்றி வைத்துவிட்டு எப்போதாவது பார்க்கும் வெளி டிஸ்க்குக்கு இது போதும். நாஸில் சிக்கல் வருவது ஒரு டிஸ்க் கெட்டுப் புதியதை மாட்டும் நாளில். மிச்சமிருக்கும் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் புதியதில் இடைவிடாமல் எழுதவேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்குக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பதில் வரத் தாமதமாகும், அந்த டிஸ்க்கும் கெட்டுவிட்டது என்று பெட்டி முடிவு கட்டி வெளியே தள்ளிவிடலாம்.

இது 2020இல் பெரிய விவகாரமாக வெடித்தது. நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது அட்டையிலும் இல்லை, விவரத்தாளிலும் இல்லை. வாங்கியவர்கள் தங்கள் பெட்டிகள் புது டிஸ்க்கை ஏற்க மறுப்பதைத் துருவித் துருவிக் கண்டுபிடித்தார்கள். ஜெட்எஃப்எஸ் கோப்பு முறையில் ஒரு தொழில்நுட்பத் தளம் இப்படிப் புது டிஸ்க்கை நிரப்புவதைச் சோதித்துப் பார்த்தபோது, சிஎம்ஆர் டிஸ்க் ஒரு நாளுக்குள் முடித்த வேலைக்கு இந்த எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஒன்பது நாளும் உங்கள் தகவல் ஒற்றை டிஸ்க்கை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும்! எதிர்ப்பு வலுத்தபிறகு கம்பெனி பட்டியலை வெளியிட்டது. சிஎம்ஆர் டிஸ்க்குகளைப் பிரித்து ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தது. வெறும் ரெட் என்று இருந்தால் எஸ்எம்ஆர், ரெட் பிளஸ், ரெட் புரோ என்றால் சிஎம்ஆர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நின்றுகொண்டு எதைப் பார்த்து உறுதி செய்வது?

வண்ணத்தை நம்பாதீர்கள், மாடல் எண்ணைப் படியுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் 4 டெராபைட்டில் எண் ‘இஎஃப்ஏஎக்ஸ்’ என்று முடிந்தால் எஸ்எம்ஆர். ‘இஎஃப்இஸட்எக்ஸ்’ அல்லது ‘இஎஃப்பிஎக்ஸ்’ என்று முடிந்தால் ரெட் பிளஸ், அது சிஎம்ஆர். நான்கு எழுத்தில் ஒன்றுதான் மாறுகிறது. சீகேட்டில் நடுவில் ‘விஎன்’ இருந்தால் அயர்ன்வுல்ஃப். ‘எஸ்டி4000டிஎம்004’ என்பது டெஸ்க்டாப்புக்கான பாராகுடா, அது எஸ்எம்ஆர். தோஷிபாவின் டெஸ்க்டாப் வரிசையான பி300இல் 4, 6 டெராபைட் இரண்டும் எஸ்எம்ஆர். மூன்று கம்பெனிகளும் இப்போது எது எந்த முறை என்று தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. காசு கொடுப்பதற்கு முன்னால் போனில் ஒரு நிமிடம் தேடுங்கள். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னாலும் தேடுங்கள்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் விலை குறைவு. அதையே மாட்டினால் என்ன?

ஓடும். ஆனால் அது இந்த வேலைக்குச் செய்ததில்லை. பாராகுடா விவரத்தாளில் வருடத்துக்கு 2400 மணி நேரம் ஓட்டம், 55 டெராபைட் எழுதிப் படிக்கும் சுமை என்று போட்டிருக்கும். ஒரு வருடத்தில் இருப்பது 8760 மணி நேரம், நாஸ் அத்தனையும் ஓடும். ரெட் பிளஸ், அயர்ன்வுல்ஃப் இரண்டுக்கும் முழுநேர ஓட்டமும் வருடத்துக்கு 180 டெராபைட்டும் சொல்லப்பட்டிருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று வெளியே தெரியாது. ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் ஒரு நிமிடத்துக்கும் மேல். தனியாக இருக்கும் கம்ப்யூட்டரில் அது நல்ல குணம், வேறு பிரதி அங்கே இல்லை. நாஸில் பக்கத்து டிஸ்க்கிலேயே அந்தத் தகவல் இருக்கிறது. அதனால் நாஸ் டிஸ்க் ஏழு விநாடி முயன்றுவிட்டு, ‘முடியவில்லை’ என்று பெட்டியிடம் சொல்லிவிடும். பெட்டி பக்கத்து டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். டெஸ்க்டாப் டிஸ்க் பேசாமல் முயன்றுகொண்டே இருந்தால் பெட்டி அதைச் செத்ததாக நினைத்துக் கழற்றிவிடும். நல்ல டிஸ்க் ஒன்று இப்படி அநியாயமாக வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிசிடிவி டிஸ்க் போடலாமா?

ரிச்சி தெருவில் எங்கே கேட்டாலும் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான், வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிளும் சீகேட் ஸ்கைஹாக்கும். இரவு பகல் ஓடத் தயாரானவை. ஆனால் பல கேமராக்களின் வீடியோவை நிற்காமல் எழுதுவதற்கென்று பழக்கப்படுத்தியவை. வேறு வழியில்லை என்றால் போடலாம். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் நாஸ் டிஸ்க்கே வாங்கிவிடுங்கள்.

அட்டையில் 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 114 வருடம் ஓடுமா?

ஓடாது. அது ஒரு டிஸ்க்கின் ஆயுள் கிடையாது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டினால் பழுதுகளுக்கு இடையே சராசரியாக எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்ற கணக்கு. 8760ஐ 10 லட்சத்தால் வகுத்தால் 0.88 சதவீதம் வரும். வருடத்துக்கு நூறில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகக் கெடும் என்பதுதான் அவர்கள் சொல்ல வருவது. அதுவும் நடைமுறையில் பொருந்துவதில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். களத்தில் வருடத்துக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜம் என்றும், சில இடங்களில் 13 வரை போனது என்றும் கண்டார்கள். இந்த எண்ணை விட்டுவிட்டு வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். அதில் கம்பெனியின் காசு இருக்கிறது.

எத்தனை டெராபைட் வாங்குவது?

இன்று உங்களிடம் இருப்பதைப்போல இரண்டரை மடங்கு. நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு அது. 4 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் சில கருவிகள் 3.63 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ரொம்பப் பெரியதாக எடுத்தால், கெட்டபிறகு மறுபடி நிரப்பும் நேரமும் கூடும். விநாடிக்குச் சராசரி 150 மெகாபைட் என்று வைத்தால் 8 டெராபைட்டுக்குச் சுமார் 15 மணி நேரம், 16 டெராபைட்டுக்கு 30. மற்ற வேலைகளும் நடந்தால் இன்னும் நீளும். பெரிய அளவுகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து மூடியிருப்பார்கள். நல்லதுதான், வெப்பமும் குறையும். ஆனால் அதற்காகவே தேடிப் போகத் தேவையில்லை.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கலாமா?

நான் வாங்கினேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

என் முதல் பெட்டியில் போட்ட இரண்டு டிஸ்க்கும் ஒரே மாடல், சீரியல் எண்களும் கிட்டத்தட்ட அடுத்தடுத்தவை. ஒரே நாளில் செய்து, ஒரே லாரியில் வந்து, என் வீட்டில் ஒரே மணி நேரத்தில் ஓடத் தொடங்கியவை. மூன்றாம் வருடம் ஒரு நாள் இரவு, பெட்டியிலிருந்து ‘டிக்… டிக்… டிக்’ என்று ஒரே இடைவெளியில் சத்தம் வந்தது, சுவர்க் கடிகாரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக. படிக்கும் முனை இடம் தேடித் திரும்பி வரும் சத்தம் அது. காலையில் ஒரு டிஸ்க் போய்விட்டது. புதியதை வாங்கி மாட்டினேன். இரட்டிக்கும் வேலை அறுபது சதவீதம் தாண்டியபோது மற்ற டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் எட்டு என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் பதினாறு. அப்புறம் இருபத்து நான்கு. பாட்டி உயிரோடு இருந்தபோது எடுத்த கடைசி தீபாவளி வீடியோ அதில்தான் இருந்தது. அந்த மூன்று மணி நேரம் பெட்டி முன்னாலிருந்து நான் எழுந்திருக்கவில்லை. வேலை முடிந்தது, வீடியோவும் பிழைத்தது. அடுத்த வாரமே அந்த இரண்டாவது டிஸ்க்கும் நின்றுவிட்டது.

அதிலிருந்து ஒன்றை ஒரு கடையில் வாங்கினால் மற்றதை ஒரு மாதம் கழித்து வேறு கடையில் வாங்குகிறேன். முடிந்தால் வேறு கம்பெனியில். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் பெட்டிக்கு ஆட்சேபம் இல்லை.

என் பெட்டிக் கம்பெனி தன் டிஸ்க்கைத்தான் போடவேண்டும் என்கிறதே?

நாஸ் பெட்டி செய்யும் சினாலஜி 2025இல் வந்த தன் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்குகளுக்கு மட்டும் முழு ஆதரவு என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்த மென்பொருள் பதிப்பில் மற்ற கம்பெனி ஹார்ட் டிஸ்க்குகளுக்கு வழிவிட்டது. பெட்டி வாங்குவதற்கு முன்னால் அந்த மாடலின் பொருந்தும் டிஸ்க் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், போதும்.

ஆன்லைனில் பாதி விலைக்குப் பெரிய டிஸ்க் வருகிறது. நம்பலாமா?

பழையதைப் பழையது என்று சொல்லி விற்றால், எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரிந்தால், இரண்டாவது பிரதிக்கு வாங்கலாம். புதியது என்று சொல்லிப் பழையதை விற்பதுதான் ஆபத்து. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸே பத்திரிகை இப்படி ஒன்றை வெளிக்கொண்டுவந்தது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் உண்மையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை. யாரோ ‘ஸ்மார்ட்’ பதிவில் ஓடிய நேரத்தைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் பதிவேடு. சீகேட்டில் ‘ஃபார்ம்’ என்று இன்னொரு பதிவும் உள்ளே இருக்கிறது. அதை அவர்கள் மாற்றவில்லை, அதனால் பிடிபட்டார்கள். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கருவியின் புதிய பதிப்புகளில் இந்த ஃபார்ம் பதிவையும் படிக்கலாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவேண்டும்.

இன்னொன்று, சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு, நம் நாட்டில் வாரண்டி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். எனக்கு ஒரு முறை வந்த டிஸ்க்குக்கு வாரண்டி எட்டு மாதம் முன்பே ஓடத் தொடங்கியிருந்தது. ஆன்டிஸ்டேட்டிக் உறை ஒட்டியபடி புத்தம் புதியதாகத்தான் இருந்தது. லேபிள் பக்கத்து ஸ்க்ரூ துளைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன், மாட்டிக் கழற்றிய கீறல் பளபளவென்று தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

புது டிஸ்க்கை வாங்கியதும் நேராகப் படங்களை ஏற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் அது பரீட்சை எழுதட்டும்.

லினக்ஸ் தெரிந்தால் ‘பேட்பிளாக்ஸ்’ கட்டளையை எழுதும் முறையில் ஓடவிடுங்கள். நான்கு விதமான எண்வரிசைகளை முழு டிஸ்க்கிலும் எழுதி எழுதிப் படித்துப் பார்க்கும். மொத்தம் எட்டுச் சுற்று. 4 டெராபைட்டுக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலி டிஸ்க்கில் மட்டும். பிறகு ஸ்மார்ட் நீண்ட சோதனை. லினக்ஸ் தெரியாவிட்டால் பெட்டியின் மெனுவிலேயே அந்த நீண்ட சோதனை இருக்கும், அதையாவது ஓட்டுங்கள். கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள் இதை முடிப்பது முக்கியம். இதில் ஒரே ஒரு இடம் பழுது என்று வந்தாலும் நான் டிஸ்க்கை வைத்துக்கொள்வதில்லை.

ஸ்மார்ட் பட்டியலில் முப்பது வரி இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஐந்து போதும். 5, 187, 188, 197, 198. பேக்பிளேஸும் இந்த ஐந்தைத்தான் கவனிக்கிறது. வீட்டுக்கு இன்னும் சுருக்கமாகச் சொன்னால் இரண்டு. 5 என்பது கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். இரண்டிலும் கடைசி நெடுவரிசையில் பூஜ்யம் இருக்கவேண்டும். பூஜ்யம் ஒன்றாக மாறிய அன்றே பணம் ஒதுக்கத் தொடங்குங்கள். வாராவாரம் ஏறினால் மாற்றிவிடுங்கள், வாரண்டி இருக்கும்போதே. 199 ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் கேபிள் கோளாறு.

கூகுள் 2007இல் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் இரண்டு பக்கத்தையும் சொல்கிறது. டிஸ்க் தன் தட்டைத் தானே சோதிக்கும்போது காணும் பிழைக்கு ஸ்கேன் பிழை என்று பெயர். அது முதல் முறை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு பிழையே வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு. இது எச்சரிக்கை. ஆனால் கெட்டவற்றில் பாதிக்கு மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமல் போயிருக்கின்றன. ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

சென்னை வெயிலில் தாங்குமா? கரண்ட் போனால்?

அதே கூகுள் ஆய்வில் வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை. மிக அதிக வெப்பத்திலும் வயதான டிஸ்க்குகளிலும்தான் தெரிந்தது. ஆனால் அது குளிரூட்டிய கூடங்களில் எடுத்த கணக்கு. மே மாதத்தில் என் அலமாரிக்குள் டிஸ்க் 49 டிகிரி காட்டியது. கதவைக் கழற்றி, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, விசிறி வலையில் படிந்திருந்த தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டினேன். 42க்கு இறங்கியது. 45க்குக் கீழே வைத்திருந்தால் போதும்.

மின்சாரம்தான் எனக்கு வெயிலைவிடப் பயம். கரண்ட் திடீரென்று போனால் டிஸ்க் தன் சுழற்சியில் மிச்சமிருக்கும் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து முனையைப் பத்திரமாக ஒதுக்கிக்கொள்ளும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். பல இன்வெர்ட்டர்கள் சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் நாஸ் அணைந்து மறுபடி எழும். பின்பக்கம் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். யுஎஸ்பி வயரோடு வரும் சின்ன யுபிஎஸ் ஒன்றை நாஸுக்கென்று தனியாக வைத்தால் இன்னும் நல்லது. பேட்டரி தீரும்போது அது நாஸிடம் சொல்லும், நாஸ் ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும்.

ரெய்டு போட்டிருக்கிறேன். தனியாக பேக்கப் எதற்கு?

ஒரு டிஸ்க் கெட்டாலும் பெட்டி நிற்காமல் ஓடுவதற்குத்தான் ரெய்டு. தவறுதலாக ஓர் ஆல்பத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டினால் இரண்டையும் பூட்டும். இடி இறங்கினால், வெள்ளம் புகுந்தால் பெட்டியோடு போகும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

காசு குறைவாக இருந்தால் என் யோசனை இது: இரண்டு விலை உயர்ந்த புரோ டிஸ்க்குக்குப் பதில் இரண்டு சாதாரண நாஸ் டிஸ்க்கும், மிச்சத்தில் ஒரு வெளி டிஸ்க்கும் வாங்குங்கள். வெளி டிஸ்க் எஸ்எம்ஆராக இருந்தாலும் பரவாயில்லை, அந்த வேலைக்கு அது தாங்கும். மாதம் ஒரு முறை நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். எடுத்த நகலிலிருந்து ஒரு படத்தைத் திறந்தும் பாருங்கள்.

மாதாமாதம் பெட்டி தானாக ஏதோ சோதனை ஓட்டி மெதுவாகிறது. நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். பல வருடம் யாரும் திறக்காத படங்கள் இருக்கும் இடங்களையும் படித்துப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். அங்கே பழுது இருந்தால், இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருக்கும்போதே தெரிந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு ஓடும்படி நேரம் மாற்றி வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை விட்டு எஸ்எஸ்டிக்கே போய்விடலாமா?

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. சத்தம் இல்லை, வேகம் அதிகம். ஆனால் ஒரு டெராபைட்டுக்கு ஆகும் விலை பல மடங்கு. ஒரு டெராபைட்டுக்குள் அடங்கும் வீட்டுக்குப் போகலாம். கல்யாண வீடியோக்களும் பிள்ளைகளின் படங்களும் சேர்ந்த வீட்டுக்கு இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் கட்டுப்படியாகும்.

கெட்ட டிஸ்க்கை வாரண்டிக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் குடும்பப் படங்கள்?

உங்களிடமிருந்து போனது திரும்பி வராது. பதிலுக்கு வேறொன்று, பல சமயம் பழுது பார்த்தது, வரும். செத்த டிஸ்க்கை அழிக்கவும் முடியாது. அதனால் முதல் நாளிலேயே பெட்டியில் என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாத பூட்டு, போட்டுவிடுங்கள். சாவியை ஒரு தாளில் எழுதிப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். போடாமல் விட்டிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்து முடிவெடுங்கள். நான் ஒரு டிஸ்க்கை அதற்காகவே வாரண்டிக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது?

ஒரு 4 டெராபைட் ரெட் பிளஸ், ஒரு 4 டெராபைட் அயர்ன்வுல்ஃப். வாங்கிய தேதிகளுக்கு இடையே ஏழு வாரம். ரெட் பிளஸ் 31 ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கிறது, அயர்ன்வுல்ஃப் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும் பூஜ்யம். வெளி டிஸ்க் ஒன்று அக்கா வீட்டில், அவள் துணி பீரோவில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு சாப்பிடப் போகும்போது எடுத்து வருவேன், அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுப்பேன்.